காமிக்ஸிலிருந்து வந்த பிரெஞ்சுப் படம் என்றாலே ஆஸ்டெரிக்ஸ் மாதிரிதான் இருக்குமா?

இல்லை. மாயமருந்தும் அடிதடியும் இல்லாத, சிரிப்பும் கனமும் கலந்த படங்களும் உண்டு. முதலில் 2013-இல் வந்த 'கே டோர்சே'யைப் பாருங்கள்.

பிரெஞ்சு வெளியுறவு அமைச்சருக்கு உரை எழுதித்தரும் ஓர் இளைஞனின் பாடுதான் கதை. மூல காமிக்ஸை வரைந்தவர் கிறிஸ்தோஃப் பிளேன். 'ஆபெல் லான்சாக்' என்ற புனைபெயரில் கதை சொன்ன அந்தோனன் போத்ரி, அமைச்சர் தொமினிக் தெ வில்பானிடம் நிஜமாகவே அந்த வேலையைப் பார்த்தவர். 2003-இல் ஈராக் போரை எதிர்த்து ஐ.நா.வில் பேசினாரே, அதே வில்பான்தான்.

அமைச்சர் அறைக்குள் நுழைந்தால் மேசையிலுள்ள தாள்கள் எல்லாம் பறக்கும். கையில் மஞ்சள் மார்க்கர், வாயில் கிரேக்க ஞானி ஹெராக்ளிட்டஸ்! காமிக்ஸில் கோடுகளால் காட்டிய வேகத்தை இயக்குநர் பெர்த்ரான் தவெர்னியே நடிகர் தியரி லெர்மித்தின் உடம்பிலேயே ஏற்றிவிட்டார். ஆனால் உண்மையில் வேலையை முடிப்பவர், அலட்டாமல் உட்கார்ந்திருக்கும் தலைமை அதிகாரி. அந்த வேடத்தில் நடித்த நீல்ஸ் அரெஸ்த்ரூப்புக்கு, பிரெஞ்சு சினிமாவின் பெரிய விருதான சேசார் கிடைத்தது; நியாயம்தான்.

அப்புறம், மர்ஜான் சத்ரபி தன் காமிக்ஸையே வின்சென்ட் பரோனோவுடன் சேர்ந்து 2011-இல் படமாக்கிய 'பூலே ஓ ப்ரூன்'. 1958-இன் தெஹ்ரான். இசைக்கருவி உடைந்துபோன கலைஞன் சாக முடிவெடுத்துப் படுத்துவிடுகிறான். காமிக்ஸில் அந்தக் கருவி 'தார்' என்ற ஈரானிய நரம்பிசைக் கருவி, படத்தில் வயலின். இதில் சிரிப்பு குறைவு, சோகம் தூக்கல். அதனால் இதை இரண்டாவதாகப் பாருங்கள்.