ஒரு பெட்டியின் கணக்கு

கேள்வி: அம்மா, காரைக்குடியில் வீட்டிலேயே தேன்குழல், கைமுறுக்கு, மனகோலம், சீப்புச் சீடை செய்து வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் வழியாக விற்கிறேன். தொடங்கிப் பதினான்கு மாதம் ஆகிறது. மாதம் 110 ஆர்டர் வருகிறது. ருசியில் குறை சொன்னவர் இல்லை. ஆனாலும் மாதக் கடைசியில் கையில் எதுவும் நிற்பதில்லை. 40,000 ரூபாயில் இணையதளம் அமைத்து விளம்பரத்தையும் கூட்டினால் ஆர்டர் இரட்டிப்பாகும் என்கிறார் என் கொழுந்தனார். செய்யலாமா? மணப்பாறை முறுக்கும் போடச் சொல்லிப் பலர் கேட்கிறார்கள். என் நோட்டின் சில பக்கங்களையும் கூரியர் ரசீதுகளையும் இணைத்திருக்கிறேன்.
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, காரைக்குடி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

தொழில் பற்றி எனக்கு எழுதுகிறவர்கள் தங்களை எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள் என்பதைத்தான் முதல் வரியில் எழுதுவார்கள். நோட்டுப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியவர் நீங்கள் ஒருவர்தான். அதனால் உங்களிடம் சுற்றி வளைக்காமல் பேசலாம் என்று நினைக்கிறேன். இணையதளம் இப்போது வேண்டாம். விளம்பரத்தைக் கூட்டுவது அதைவிட வேண்டாம். ஏன் என்பதற்கான விடை உங்கள் நோட்டிலேயே இருக்கிறது. எழுதி வைத்திருக்கிறீர்கள், கூட்டிப் பார்க்கவில்லை.

நீங்கள் அடிக்கடி அனுப்புவது ஒரு கிலோ பெட்டி. அரை கிலோ தேன்குழல், அரை கிலோ கைமுறுக்கு. விலை 560 ரூபாய், டெலிவரி இலவசம். மாவு, பருப்பு, எண்ணெய், கேஸ் எல்லாம் சேர்த்து 230 ரூபாய் என்று போட்டு, மீதி 330 ரூபாய் லாபம் என்று அடிக்கோடிட்டிருக்கிறீர்கள். அந்த அடிக்கோட்டுக்குக் கீழே நான் எழுதுகிறேன். உதவிக்கு வரும் இரண்டு பெண்களின் கூலி கிலோவுக்கு 60 ரூபாய். இது நோட்டின் வேறொரு பக்கத்தில் இருக்கிறது. பை, லேபிள், அட்டைப்பெட்டி, டேப் எல்லாம் சேர்த்து 42. கூரியர் 165. இருபத்தைந்து பெட்டிக்கு ஒன்று நொறுங்கிப் போய் மறுபடி இலவசமாக அனுப்புகிறீர்கள், அதைப் பெட்டிக்குப் பெட்டி பங்கிட்டால் ஏறத்தாழ 20. மொத்தம் 517. உங்களுக்கு நிற்பது 43 ரூபாய்.

இந்த 43-க்குள் உங்கள் கூலி இல்லை. உங்கள் மாமியார் தினமும் நான்கு மணி நேரம் அடுப்படியில் நின்று அச்சுப் பிழிகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவருடைய கூலியும் இல்லை. வீட்டு மனிதர்கள்தானே என்று சொல்வீர்கள். அவருக்கு ஒரு வாரம் காய்ச்சல் வந்தால் அந்த இடத்தில் யாரை நிறுத்துவீர்கள், அவருக்கு எதிலிருந்து கொடுப்பீர்கள்? வீட்டாரின் இலவச உழைப்பு இருந்தால்தான் கட்டுப்படியாகும் என்றால் அந்த விலை தவறான விலை.

இப்போது கொழுந்தனாரின் யோசனைக்கு வருவோம். போன மாதம் விளம்பரத்துக்கு 6,000 ரூபாய் கொடுத்து நாற்பது புதிய ஆர்டர் பெற்றீர்கள். ஓர் ஆளைக் கூட்டி வர 150 ரூபாய். அவர் வாங்கும் பெட்டியில் நிற்பது 43. முதல் பெட்டி போகும்போது உங்களுக்கு 107 ரூபாய் நஷ்டம். அவரே இரண்டாம் முறை வாங்கினால் நஷ்டம் 64-க்கு இறங்கும், மூன்றாம் முறை 21. நான்காவது முறை வாங்கும்போதுதான் முதன்முதலாக 22 ரூபாய் கையில் தங்கும். நான்கு முறை வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் நோட்டில் தேடினேன். நீங்கள் அனுப்பிய பக்கங்களில் ஏழு பேர் இருக்கிறார்கள். இந்த நிலையில் ஆர்டரை இரட்டிப்பாக்கினால் எது இரட்டிப்பாகும் என்று கொழுந்தனாரிடமே கேளுங்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், கோபிக்க வேண்டாம். இணையதளக்காரர்கள் யாரும் அவருக்கு முறுக்கின் அடக்க விலையைச் சொல்லியிருக்கமாட்டார்கள்.

சரி, அந்த 165 ரூபாய் எப்படி வந்தது? ஒரு கிலோ முறுக்குக்கு மூன்று கிலோ கட்டணம் வாங்கி ஏமாற்றுகிறார்கள் என்று ரசீதின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஏமாற்றவில்லை. கூரியர்காரர்களுக்கு இரண்டு எடை உண்டு. ஒன்று தராசு காட்டுவது. மற்றொன்று பெட்டி அடைக்கும் இடத்தின் எடை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து, பெருக்கி, பெரும்பாலும் 5,000-ஆல் வகுத்தால் வருகிற கிலோ அது. இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். உங்கள் பெட்டி 32-க்கு 26-க்கு 18. பெருக்கினால் 14,976. வகுத்தால் மூன்று கிலோ. நீங்கள் முறுக்கோடு காற்றையும் சேர்த்து அனுப்புகிறீர்கள், காற்றுக்கும் கட்டணம் கட்டுகிறீர்கள்.

தேன்குழலைப் போல இடத்தை அடைக்கும் பண்டம் வேறில்லை. உடையவும் அதைப் போல வேறில்லை. கைமுறுக்கு அப்படியல்ல, ஒரே அளவில் சுற்றினால் வட்ட டப்பாவில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம், ஆடாது. மனகோலம் பாகு பிடித்துக் கனமாக இருக்கும், கொஞ்ச இடத்தில் நிறைய அடங்கும். மாவுருண்டையும் அப்படித்தான். ஆகவே தேன்குழலைத் தனியாக விற்பதை நிறுத்துங்கள். கனமான பண்டத்தோடு சேர்த்து இரண்டு கிலோ பெட்டியாகக் கொடுங்கள். 36-க்கு 27-க்கு 18 அளவுப் பெட்டியில் அது அடங்கும், மூன்றரை கிலோ கணக்கு வரும். உங்கள் ரசீதுகளில் ஒன்று அந்த எடைக்கு 190 ரூபாய் காட்டுகிறது. சரக்கு 460, கூலி 120, பெட்டி 60, கூரியர் 190, உடைசல் 35. மொத்தம் 865. விலை அதே 1,120. நிற்பது 255 ரூபாய். இரண்டு ஒரு கிலோ பெட்டிகளில் உங்களுக்கு நின்றது 86. ருசியும் விலையும் மாறவில்லை, பெட்டி மட்டும்தான் மாறியிருக்கிறது.

ஒரு கிலோதான் வேண்டும் என்பவர்களிடம் கூரியர் கட்டணத்தைத் தனியாகச் சொல்லி வாங்குங்கள். சிலர் போய்விடுவார்கள், போகட்டும். இலவச டெலிவரி என்று உலகத்தில் எதுவும் இல்லை. யாரோ ஒருவர் கட்டிக்கொண்டிருக்கிறார், இதுவரை அது நீங்கள்.

இதையெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டேன் என்று நினைக்க வேண்டாம். பொடியும் ஊறுகாயும் அனுப்பத் தொடங்கிய புதிதில், கண்ணாடிப் பாட்டில்தான் கௌரவம் என்று நம்பி, எலுமிச்சை ஊறுகாய் பன்னிரண்டு பாட்டில் டெல்லிக்கு அனுப்பினேன். போய்ச் சேர்ந்தது ஊறுகாய் தடவிய செய்தித்தாள். வாங்கியவர் படம் எடுத்து அனுப்பியிருந்தார், கூடவே "காகிதமும் நன்றாக ஊறியிருக்கிறது" என்று ஒரு வரி. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அன்றிலிருந்து எந்தப் புதிய பெட்டியையும் முதலில் எனக்கே அனுப்பிக்கொள்வேன். அதற்கு முன் இடுப்பு உயரத்திலிருந்து நான்கு முறை தரையில் போட்டும் பார்ப்பேன். பக்கத்து வீட்டுக்காரருக்கு என்மேல் ஏற்கெனவே ஒரு சந்தேகம் இருந்தது, அது உறுதியாகிவிட்டது.

எண்ணெய் வாடை வந்ததாக இரண்டு பேர் எழுதியதைக் குறிப்பிட்டிருந்தீர்கள். இதை லேசாக விடாதீர்கள். கடையில் வாங்குகிறவர் மோந்து பார்த்து வாங்குவார். உங்களிடம் வாங்குகிறவர் படத்தைப் பார்த்துப் பணம் கட்டுகிறார், பெட்டியைப் பிரிக்கிற அந்த ஒரு நொடிதான் அவருக்கும் உங்களுக்கும் உள்ள உறவு. முறுக்கு முழுதாக ஆறுவதற்கு முன் பையை ஒட்டினால் உள்ளே ஆவி தங்கி நமத்துப்போகும். திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் பொரித்தால், பெட்டி ஆறு நாள் லாரியிலும் கிடங்கிலும் வெயிலில் கிடக்கும்போது காறல் தட்டும். அடுப்படியில் சாப்பிட்டுப் பார்த்தால் இது தெரியவே தெரியாது. ஒவ்வொரு வாரமும் ஒரு பையை எடுத்து, தேதி எழுதி, சமையலறைக்கு வெளியே வெப்பம் படும் இடத்தில் பத்து நாள் வைத்துப் பிரித்துப் பாருங்கள்.

போன தீபாவளிக் கதையைப் படித்தபோது எனக்கே பதற்றமாக இருந்தது. நீங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு நாளைக்கு 12 கிலோ செய்ய முடியும். பதினைந்து நாளைக்கு 180 கிலோ. வாங்கி வைத்த ஆர்டர் 260 கிலோ. மீதி 80 கிலோவை யார் செய்வதாக இருந்தது? பண்டிகை முடிந்தபின் போய்ச் சேரும் பலகாரத்துக்கு மதிப்பில்லை, அந்தப் பதினொரு பேர் பணத்தைத் திருப்பிக் கேட்டதில் தவறும் இல்லை. இந்த முறை 170 கிலோ சேர்ந்ததும் நிறுத்துங்கள். "இந்த ஆண்டு ஆர்டர் முடிந்தது" என்று எழுதிப் போடுங்கள். கிடைக்காமல் போனவர்கள் அடுத்த ஆண்டு முன்கூட்டியே வருவார்கள். தாமதமாகக் கிடைத்தவர்கள் வரமாட்டார்கள்.

பணம் வாங்குவதில் ஒன்று. பணம் அனுப்பியதாக வந்த படத்தை நம்பி இரண்டு பெட்டி அனுப்பி ஏமாந்திருக்கிறீர்கள். அந்தப் படத்தை யார் வேண்டுமானாலும் செய்துவிட முடியும். உங்கள் வங்கிக் கணக்கில் தொகை ஏறியிருப்பதை நீங்களே பார்த்தபிறகுதான் பெட்டிக்கு டேப் ஒட்ட வேண்டும். பணம் பெறுவதற்கு ரகசிய எண்ணை அழுத்தச் சொன்னால் அது திருட்டு, பணம் பெற அந்த எண் ஒருபோதும் தேவைப்படாது. அப்படியே, தொழிலுக்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்குங்கள். பால் கணக்கும் பள்ளிக் கட்டணமும் எண்ணெய் டின்னும் ஒரே கணக்கில் ஓடுவதால்தான் கையில் நிற்காத பணம் எங்கே போனது என்று உங்களுக்கே தெரியவில்லை.

சட்டத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். உங்கள் லேபிள் படத்தில் உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க எண் இல்லை. வீட்டில் செய்து விற்றாலும் அந்தப் பதிவு தேவை. தயாரித்த தேதி, நிகர எடை, விலை, முகவரி ஆகியவையும் பையில் இருக்க வேண்டும். ஜி.எஸ்.டி. விஷயத்தில், ஆண்டு விற்பனை 40 லட்சம் தாண்டாவிட்டால் பதிவு வேண்டாம் என்று உங்களிடம் சொன்னவர் பாதிதான் சொல்லியிருக்கிறார். வேறு மாநிலத்துக்குச் சரக்கு விற்றால் அந்த விலக்கு கிடையாது, பெங்களூருக்கும் மும்பைக்கும் போகும் உங்கள் பெட்டிகள் அதில்தான் வருகின்றன. ஒரு ஆடிட்டரைப் பார்த்துவிட்டு, வரியையும் சேர்த்து அடக்க விலை போடுங்கள். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவை அரசு இலவசமாகவே செய்து தருகிறது. அதற்குப் பணம் கேட்கிற இடைத்தரகர் தளங்களில் போய் விழாதீர்கள்.

மணப்பாறை முறுக்கு வேண்டாம். அது 2023-இல் புவிசார் குறியீடு, அதாவது அந்த வட்டாரத்துக்கே உரியது என்ற சட்டப் பாதுகாப்பு, பெற்ற பெயர். காரைக்குடியில் சுட்டு அந்தப் பெயரில் விற்பது முறையும் அல்ல, தேவையும் இல்லை. ஊருக்கு ஊர் முறுக்கு கிடைக்கிறது. மனகோலமும் சீப்புச் சீடையும் எத்தனை ஊரில் கிடைக்கின்றன? உங்கள் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் பதினெட்டாவது படமாக அவற்றைப் போட்டு வைத்திருக்கிறீர்கள். ஏழு பேர் நான்கு முறை வாங்கினார்கள் என்றேன் அல்லவா, அவர்களில் ஆறு பேர் வாங்கியது மனகோலம்.

அந்த ஏழு பேரிடமிருந்து தொடங்குங்கள். விளம்பரத்துக்கு வைத்திருக்கும் 6,000 ரூபாயில் ஒரு பங்கை எடுத்து, ஏற்கெனவே வாங்கியவர்களின் அடுத்த பெட்டியில் கால் கிலோ சீப்புச் சீடை கூடுதலாக வையுங்கள். நோட்டில் உள்ள பெயர், தொலைபேசி எண், என்ன வாங்கினார், எப்போது வாங்கினார் என்பதை வேறொரு நோட்டிலும் பிரதி எடுத்து வையுங்கள். இன்ஸ்டாகிராம் கணக்கு ஒரு நாள் காலையில் முடங்கிப்போனால் அங்கே உங்களைப் பின்தொடரும் ஒன்பதாயிரம் பேரும் அதோடு போய்விடுவார்கள். நோட்டில் இருப்பவர்கள் போகமாட்டார்கள். ஓர் ஆண்டு கழித்து இணையதளம் வைக்க நேர்ந்தால், அந்தத் தளத்தின் முகவரிப் பெயரை உங்கள் பேரிலும் உங்கள் மின்னஞ்சலிலும் பதிவு செய்யுங்கள். கொழுந்தனார் பேரில் வேண்டாம், அமைத்துக் கொடுப்பவர் பேரில் வேண்டவே வேண்டாம்.

உறவினர்கள் பாதி விலைக்குக் கேட்பது பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தீர்கள். அதற்கு எனக்கும் இன்னும் வழி தெரியவில்லை. என் நாத்தனார் இருபது ஆண்டுகளாகப் பருப்புப் பொடியை இலவசமாகத்தான் வாங்குகிறார். அவர் பெயரில் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, செலவு என்று எழுதிவிடுகிறேன்.

எனக்கு இரண்டு கிலோ பெட்டி ஒன்று வேண்டும். பாதி மனகோலம், மீதி உங்கள் இஷ்டம். புதிய அட்டைப்பெட்டியில் அனுப்புங்கள், பிரித்ததும் படம் எடுத்து அனுப்புகிறேன். தொகையை எழுதுங்கள். தள்ளுபடி போட்டால் திருப்பி அனுப்பிவிடுவேன்.