பித்தளைக் கால்களை முதலில் எண்ணுங்கள்

சிறிய ஊரொன்றில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். 'புது மதர்போர்டு, மாட்டியதும் செத்துவிட்டது' என்று வருகிறவர்களில் பலருக்குப் போர்டில் (கணினியின் பாகங்கள் எல்லாம் வந்து பொருந்தும் முதன்மைப் பலகை) குறையே இருப்பதில்லை; மாட்டிய விதத்தில்தான் இருக்கும். விலை குறைந்த கேபினட் (கணினியின் வெளிக்கூடு) வாங்கி வீட்டிலேயே பூட்ட நினைப்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என்னால் முடிந்த பதில்கள் இவை.

கேள்வி: அண்ணா, மலிவான கேபினட் ஒன்று வாங்கியிருக்கிறேன். ஒரு பையில் திருகுகள், பித்தளைத் துண்டுகள், சிவப்பு வளையங்கள் எல்லாம் கலந்து கிடக்கின்றன. எது எதற்கு? (கல்லூரி மாணவர்)

பதில்: தம்பி, அந்தப் பித்தளைத் துண்டுகள்தான் முக்கியம். ஸ்டாண்ட்ஆஃப் என்பார்கள், நான் பித்தளைக் கால் என்றே சொல்லிவிடுகிறேன். கேபினட்டின் உள்தகடு இரும்பு. மதர்போர்டின் முதுகில் நூற்றுக்கணக்கான ஈயப் புள்ளிகள் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டும் தொட்டால் ஷார்ட். தொடாமல் போர்டை ஆறு மில்லிமீட்டர் அளவுக்குத் தூக்கிப் பிடிப்பதே இந்தக் கால்களின் வேலை.

கால் போடாமல் பூட்டுகிறவர்கள் குறைவு. பெரும்பாலும் வினை வருவது கூடுதலாக நிற்கும் காலால்தான். முழு அளவு ஏடிஎக்ஸ் போர்டு 305 x 244 மி.மீ., அதற்கு ஒன்பது துளை. மைக்ரோ ஏடிஎக்ஸ் அதிகபட்சம் 244 x 244. விலை குறைந்தவற்றில் பெரும்பாலும் ஆறு துளைதான் இருக்கும். மினி ஐடிஎக்ஸ் 170 x 170, நான்கு துளை. கேபினட்காரர் சில கால்களை ஏற்கெனவே முடுக்கி அனுப்பியிருப்பார். அவை உங்கள் போர்டுக்குப் பொருந்தும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை. துளை இல்லாத இடத்தில் ஒரு கால் நின்றால் அது நேராகப் போய் ஏதோவொரு ஈயப் புள்ளியில் முட்டும்.

என் வழக்கம் இது. பழைய செய்தித்தாளை விரித்து, அதன்மேல் போர்டை வைத்து, துளைகள் வழியே பேனாவால் புள்ளி வைப்பேன். புள்ளிகளைக் குத்தி ஓட்டையாக்கி, பின்பக்கம் எது என்று பார்த்து, தாளை உள்தகட்டில் பரப்புவேன். ஓட்டைக்கு நேரே கால் இருக்க வேண்டும். தாளுக்கு அடியில் வேறெங்காவது மேடு தட்டினால் அந்தக் காலைக் கழற்றிவிடுவேன். ஆறு துளை என்றால் ஆறு கால், ஏழாவது கூடாது. சில கேபினட்டுகளில் காலுக்குப் பதிலாகத் தகட்டையே மேடாக அழுத்தி மரை போட்டிருப்பார்கள். அதைக் கழற்ற முடியாது என்பதால், உங்கள் போர்டின் துளையில்லாத இடத்தில் அது வருகிறதா என்று கேபினட் வாங்கும்போதே பார்த்துவிடுவது நல்லது.

சிவப்பு வளையங்களைப் பையிலேயே விட்டுவிடு. துளையைச் சுற்றி வெள்ளி நிறத்தில் வட்டம் தெரிகிறதல்லவா? அது போர்டின் எர்த்தோடு சேர்ந்தது. திருகு அங்கே தொடலாம். தொடுவதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: பவர் பட்டனை அழுத்தினால் விசிறி ஒரு கணம் சுற்றி நின்றுவிடுகிறது. போர்டு போய்விட்டதா?

பதில்: அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுதாதீர்கள். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுப் போர்டை முழுவதுமாக வெளியே எடுத்து, அது வந்த அட்டைப்பெட்டியின் மேல் வைத்து, பிராசசர், அதன் விசிறி, ஒரேயொரு ராம், எஸ்.எம்.பி.எஸ். (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) மட்டும் இணைத்துப் பாருங்கள். வெளியே ஓடி, உள்ளே நின்றால் பெரும்பாலும் குற்றவாளி கேபினட்தான். முதல் கேள்விக்கான பதிலை இன்னொருமுறை படியுங்கள். இப்படி வந்த போர்டு ஒன்றில் தேவையற்ற ஒரு காலைக் கழற்றியதும் அது உயிர்பெற்றது. எஸ்.எம்.பி.எஸ். உடனே தன்னை அணைத்துக்கொண்டதால் தப்பியது. எல்லாப் போர்டுக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை.

போர்டு வந்த வெள்ளி நிறப் பையின்மேல் வைத்து மட்டும் ஓட்டிப் பார்க்காதீர்கள். அந்தப் பை ஓரளவு மின்சாரத்தைக் கடத்தக்கூடியது.

கேள்வி: சில திருகுகள் பாதியில் இறுகிவிடுகின்றன, சில சுற்றிக்கொண்டே இருக்கின்றன.

பதில்: இரண்டு வகை மரை கலந்து கிடக்கிறது. ஒன்று 6-32, தடித்தது, மரை அகலமானது. மற்றது எம்3, மெல்லியது, மரை நெருக்கமானது. எம்3 திருகு 6-32 காலில் ஆடும். 6-32 திருகை எம்3 காலில் பலவந்தமாக ஏற்றினால் மரை தேய்ந்துவிடும். போர்டை வைப்பதற்கு முன்பே ஒவ்வொரு காலிலும் விரலாலேயே திருகிப் பாருங்கள். விரலுக்கு இறங்குவதுதான் சரியான திருகு. பூட்டும்போதும் ஒன்றை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், எல்லாவற்றையும் பாதி இறக்கிவிட்டு, எதிரெதிர் மூலைகளாக இறுக்குங்கள். திருகு நின்றதும் கையை எடுத்துவிட வேண்டும். இது லாரி டயர் அல்ல.

கேள்வி: எல்லாம் பூட்டிய பிறகுதான், யூஎஸ்பி, லேன் துளைகளைச் சுற்றி வரும் பின்பக்கத் தகடு மேசையிலேயே கிடப்பதைப் பார்த்தேன். அது இல்லாமல் விடலாமா?

பதில்: கணினி ஓடும். ஆனால் அந்த ஓட்டை வழியே தூசியும் கரப்பானும் குடிவரும். தகட்டை உள்ளிருந்துதான் அழுத்தி மாட்ட முடியும், ஆகவே போர்டைக் கழற்றத்தான் வேண்டும். என்னிடம் கேட்டால், கழற்றுங்கள். மாட்டும்போது தகட்டின் சிறு நாக்குகள் லேன், யூஎஸ்பி துளைகளுக்குள் புகுந்துவிடாமல் சற்றே மேலே வளைத்துவிடுங்கள். விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும், விரல் பத்திரம்.

கேள்வி: ஐயா, கேபினட்டைத் தொட்டால் சுரீரென்கிறது. டெஸ்டர் வைத்தால் மினுக்குகிறது. போர்டு தகட்டில் பட்டுவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. சிவப்பு வளையம் போட்டால் நின்றுவிடும் என்கிறார்கள். (பள்ளி ஆசிரியை)

பதில்: அம்மா, வளையத்தால் இது நிற்காது. பெரும்பாலும் போர்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இருக்காது. எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் மின் இரைச்சலை வடிகட்டச் சிறு மின்தேக்கிகள் இரண்டு உண்டு. ஒன்று ஃபேஸிலிருந்து எர்த்துக்கும், மற்றது நியூட்ரலிலிருந்து எர்த்துக்கும் போகும். சுவரில் எர்த் ஒழுங்காக இருந்தால் அவற்றின் வழியே கசியும் மிகச் சிறிய மின்னோட்டம் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் போக வழியின்றி, கேபினட் முழுவதும் 230 வோல்ட்டில் பாதி, ஏறத்தாழ 115 வோல்ட், மிதந்துகொண்டிருக்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் விரலில் சுருக்கென்பதோடு நிற்கிறது.

ஆனால் அலட்சியமாக விடாதீர்கள். நாளை எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் உண்மையாகவே ஃபேஸ் கம்பி தகட்டில் பட்டால் காப்பாற்ற எர்த் இருக்காது. எலக்ட்ரீஷியனை அழைத்து அந்தப் பிளக் பாயிண்டின் எர்த்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். அதுவரை கணினியைப் பயன்படுத்தாதீர்கள். மூன்று பின்னை இரண்டாக்கும் அடாப்டர் வேண்டாம். எர்த்தையும் நியூட்ரலையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிட்டுப் போகிற ஆட்கள் இருக்கிறார்கள்; டெஸ்டர் அணைந்துவிடும், ஆபத்து பல மடங்காகும். எர்த் சரியான பிறகும் சுரீரென்றால் கணினியைக் கடைக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: போர்டின் வலது ஓரத்தில் துளையே இல்லை. போர்டுக்கு மின்சாரம் தரும் 24 பின் கேபிளை அழுத்தினால் போர்டு வளைகிறது.

பதில்: செலவைக் குறைக்கப் போர்டின் அகலத்தைக் குறைத்துவிடுகிறார்கள். அதனால் மூன்றாவது வரிசைத் துளை போய், அந்த ஓரம் அந்தரத்தில் நிற்கிறது. பிராசசர், கூலர், ராம், எம்.2 (போர்டிலேயே செருகும் சிறு சேமிப்பு அட்டை) எல்லாவற்றையும் வெளியே மேசையில் வைத்தே மாட்டிவிடுங்கள். அழுத்த வேண்டிய வேலை அங்கேயே முடிந்துவிடும். 24 பின்னை மாட்டும்போது இடது கை விரலை ஓரத்தின் அடியில் முட்டுக்கொடுத்து, வலது கையால் அழுத்துங்கள். இன்னொன்று: பிராசசருக்கான மின் கேபிளைப் போர்டை இறக்குவதற்கு முன்பே மேல் மூலைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். இந்த வகைக் கேபினட்டில் பிறகு கை நுழையாது.

கேள்வி: கழற்றும்போது திருகோடு சேர்ந்து காலும் சுற்றுகிறது.

பதில்: கால் மரையோடு மேலே ஏறிவந்தால் கவலையில்லை, போர்டோடு சேர்த்தே எடுத்துவிட்டு, வெளியே குறடால் காலைப் பிடித்துக்கொண்டு திருகைக் கழற்றலாம். ஏறாமல் நின்ற இடத்திலேயே சுற்றினால் தகட்டின் மரை தேய்ந்திருக்கிறது. நுனியில் டேப் சுற்றிய மூக்குக் குறடால் பக்கவாட்டிலிருந்து காலைப் பிடியுங்கள். வெறும் குறடு வழுக்கினால் போர்டின் அடியிலுள்ள கோடுகளைக் கீறிவிடும்.

கேள்வி: உடலில் சேரும் நிலைமின்சாரம் போர்டைத் தாக்காமலிருக்கக் கையில் கட்டும் ஆன்டி ஸ்டேட்டிக் பட்டை அவசியமா?

பதில்: இருந்தால் கட்டுங்கள். நான் கட்டுவதில்லை. போர்டைத் தொடும் முன் பெயின்ட் இல்லாத இரும்புப் பாகத்தைத் தொடுவேன், அவ்வளவுதான். ஏ.சி. அறையில் கம்பள விரிப்பின்மேல் உட்கார்ந்து பூட்டுவதாக இருந்தால் கூடுதல் கவனம் தேவை.

கேள்வி: கிராபிக்ஸ் கார்டு மாட்ட வேண்டி, கேபினட்டின் பின்பக்கத்தில் தவறான இடத்துத் தகட்டை உடைத்து எடுத்துவிட்டேன். திரும்ப வைக்க முடியவில்லை.

பதில்: உடைத்து எடுக்கும் தகடு திரும்ப நிற்காது. அந்த ஓட்டை வழியாகப் புகுந்த பல்லி ஒன்றை ஒரு வாடிக்கையாளரின் கேபினட்டுக்குள் கருகிய நிலையில் பார்த்திருக்கிறேன். அட்டையை வெட்டி ஒட்டாதீர்கள்; சூட்டில் பசை விட்டு உள்ளே விழும். திருகு வைத்து மூடும் தகடு தனியாகவே கிடைக்கிறது. பழைய சாமான் கடையில் கேட்டால் சும்மாவே கொடுத்துவிடுவார்கள்.