அடுப்படித் தெய்வத்துக்கு ஏன் இனிப்பு? தாவோ தெய்வங்கள் பற்றிச் சில கேள்விகள்

நான் பினாங்கில் பிறந்து வளர்ந்தவள். அடுத்த வீடு ஹொக்கியன் மொழி பேசும் சீனக் குடும்பம். அவர்களுடைய ஊதுவத்திப் புகையில் பாதி எங்கள் கூடத்துக்குத்தான் வரும். அந்தப் புகை எங்கிருந்து வருகிறது என்று தேடிப் படித்தவற்றிலிருந்து இந்தப் பதில்கள்.

அக்கா, சீனர்களின் தாவோ சமயத்தில் எல்லாருக்கும் மேலான கடவுள் யார்? பழஞ்சீன ஞானி லாவோட்சுவா, ஜேட் பேரரசரா?

யாரிடம் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பூசகர்களின் கணக்கில் உச்சியில் இருப்பவர்கள் ‘மூன்று தூயோர்’. தெய்வமாகிவிட்ட லாவோட்சு அவர்களில் மூன்றாமவர். கி.பி. 142இல் அவர் சீனாவின் சிச்சுவான் மலையொன்றில் சாங் தாவோலிங் என்பவருக்குக் காட்சி தந்தார் என்பது மரபு. சமயம் ஓர் அமைப்பாகத் திரண்டதும் இந்தச் சாங் தாவோலிங்கிடமிருந்துதான். மக்களுக்கோ ஜேட் பேரரசர்தான் வானுலக மன்னர். சீன நாட்காட்டியின் முதல் மாதம் 9ஆம் நாள் அவருக்குப் பிறந்தநாள். முந்தைய இரவே ஹொக்கியன் வீட்டு வாசல்களில் மேசை போட்டு, இருபுறமும் முழுக் கரும்பு கட்டுவார்கள். முன்னோர்கள் கரும்புக் காட்டில் ஒளிந்து உயிர்தப்பினார்களாம். தவிர, ஹொக்கியனில் கரும்பின் பெயரும் நன்றி என்ற சொல்லும் ஏறக்குறைய ஒரே ஒலி.

அங்கே தெய்வங்களுக்குப் பதவி உயர்வு உண்டாமே, உண்மையா?

உண்மைதான், அதுவும் அரசாணையோடு! குவான் யூ 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தலை வெட்டப்பட்டு இறந்த தளபதி. 1614இல் மிங் பேரரசர் வான்லி அவருக்குப் ‘பேரரசர்’ பட்டமே கொடுத்துவிட்டார். கடல் தெய்வமான ‘மாசு’ (Mazu), சீனாவின் ஃபூஜியன் கடலோரத் தீவொன்றின் பெண். மணமாகாமல் இளவயதிலேயே இறந்தவர். மாலுமிகளைக் காக்கக் காக்க, அரசவை பட்டத்தைக் கூட்டிக்கொண்டே போய்க் கடைசியில் ‘வானுலக அரசி’ ஆக்கியது. எனக்கு மிகவும் பிடித்தவர் நகரத் தெய்வம். அது ஆளின் பெயரல்ல, நாற்காலியின் பெயர். நேர்மையாக வாழ்ந்து இறந்த அதிகாரி ஒருவர் அந்த நாற்காலியில் அமர்கிறார். ஊருக்கு ஊர் ஆள் வேறு. மழை பொய்த்தால் தெய்வச் சிலையை வெயிலில் கொண்டுபோய் வைத்த ஊர்களும் உண்டு. வேலை பார்க்காத அதிகாரிக்குத் தண்டனை!

அடுப்படித் தெய்வத்தின் வாயில் இனிப்புத் தடவுவது லஞ்சம்தானே?

லஞ்சம் என்றும் சொல்லலாம், வாய்ப்பூட்டு என்றும் சொல்லலாம். அடுப்புக்கு மேலே ஆண்டு முழுவதும் ஒட்டியிருக்கும் காகிதப் படம் அது. மாமியார் மருமகள் சண்டை, பிள்ளையை அடித்தது, பாலில் தண்ணீர் கலந்தது என எல்லாம் அதன் கண்முன்தான் நடக்கிறது. பன்னிரண்டாம் மாதம், வடக்கே 23ஆம் நாள், தெற்கே 24ஆம் நாள், அவர் மேலே போய் அறிக்கை கொடுக்க வேண்டும். போகுமுன் பிசுபிசுப்பான மால்ட் இனிப்பை உதட்டில் தடவிவிடுவார்கள். நல்லதைச் சொன்னால் இனிப்பாகச் சொல்லட்டும்; கெட்டதைச் சொல்ல வாய் திறக்கவே கூடாது. பிறகு படத்தை எரிப்பார்கள்; புகைதான் அவருக்கு வாகனம். புத்தாண்டுக்குப் புதுப் படம் வந்து ஒட்டிக்கொள்ளும்.

இதைவிட மோசமான ஒற்றர்கள் உடம்புக்குள்ளேயே இருக்கிறார்கள். ‘மூன்று பிணங்கள்’ என்று பெயர். 60 நாளுக்கு ஒருமுறை, நாம் தூங்கும்போது வெளியேறி நம் பாவங்களை மேலே ஒப்பிக்கும். அந்த இரவில் விழித்திருந்துவிட்டால் அவற்றால் வெளியேற முடியாது. இந்த விழிப்பு ஜப்பான்வரை பரவியது.

சீன நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில் அலையும் பேய்கள் கெட்டவையா?

பெரும்பாலும் பசித்தவை. படையலிடப் பிள்ளைகள் இல்லாமல் இறந்தவர்கள், ஊர் விட்டு ஊர் போய்ச் செத்தவர்கள். உங்கள் பாட்டன் உங்களுக்கு முன்னோர். கவனிக்க ஆளில்லாவிட்டால் அவரே அடுத்த தெருவுக்குப் பேய். அதனால் இவற்றுக்கு வீட்டுக்குள் அல்ல, வீட்டுக்கு வெளியே சாலையோரம்தான் சோறு. அந்த மாதத்து மேடைக் கச்சேரியில் முதல் வரிசை நாற்காலிகள் காலியாக இருந்தால் உட்கார்ந்துவிடாதீர்கள், அவை அவர்களுக்கானவை.

ஓர் இந்து அங்கே ஊதுவத்தி ஏற்றலாமா?

தாராளமாக. சிங்கப்பூர் வாட்டர்லூ தெருவில் கருணைத் தெய்வம் குவான் யின் கோயிலுக்கு வரும் சீனர்கள், பக்கத்துக் கிருஷ்ணன் கோயிலிலும் ஊதுவத்தி ஏற்றிவிட்டுத்தான் போகிறார்கள்.

தெய்வத்திடம் கேள்வி கேட்டால் எப்படிப் பதில் வரும்?

பிறை வடிவில் இரண்டு மரக்கட்டைகள். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் குவிவு. நெஞ்சருகே பிடித்து, கேள்வியை முணுமுணுத்து, தரையில் போட வேண்டும். ஒன்று தட்டையாகவும் ஒன்று குவிவாகவும் விழுந்தால் ‘ஆம்’. இரண்டும் குவிவு மேலாக விழுந்தால் ‘இல்லை’. இரண்டும் தட்டை மேலாக விழுந்து ஆடினால் தெய்வம் சிரிக்கிறது. மூன்று முறை தொடர்ந்து ‘ஆம்’ வந்தால்தான் உறுதி என்பது பலரின் வழக்கம்.

அடுத்த வீட்டுப் பாட்டியோடு ஒருமுறை கோயிலுக்குப் போயிருந்தேன். வீட்டை இந்த ஆண்டு விற்கலாமா என்று கேட்டார். இரண்டு முறை சிரிப்பு, மூன்றாவது ‘இல்லை’. சளைக்காமல், ‘அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாமா?’ என்று மாற்றிக் கேட்டார். டக், டக், டக்கென்று மூன்று ‘ஆம்’. கட்டைகளைப் பெட்டியில் போட்டுவிட்டு என்னிடம் சொன்னார்: “விற்கவே எனக்கு மனமில்லை. மகனிடம் சொல்ல ஒரு வாய் வேண்டியிருந்தது.”