பெற்றோருக்கு எச்.ஐ.வி., பிள்ளைக்குப் பள்ளி விடுப்பு

கேள்வி: அக்காவுக்கும் அத்தானுக்கும் எச்.ஐ.வி. 11 வயது மகளுக்குத் தொற்று இல்லை. ஆனாலும் வாரத்தில் இரண்டு நாள் பள்ளிக்குப் போவதில்லை. பள்ளியில் விஷயத்தைச் சொல்லிவிடலாமா?

பதில்: முதலில், அவள் வராத நாட்களை அக்காவின் மருத்துவமனை நாட்களோடும் படுத்துவிட்ட நாட்களோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒத்துப்போனால் இது மட்டம் போடுவது அல்ல. வீட்டு வேலை அவள் தலையில் விழுந்திருக்கிறது. நோய் கட்டுக்குள் இருந்தால் 3 அல்லது 6 மாத மாத்திரையை ஒரே தடவையில் தரமுடியுமா என்று சிகிச்சை மையத்தில் கேளுங்கள். அலைச்சல் குறையும். அக்கா அடிக்கடி படுத்துவிட்டால் வைரஸ் அளவுப் பரிசோதனை அவசியம். அளவு கூடியிருந்தால், பெரும்பாலும் மாத்திரை விட்டுப்போயிருக்கும். சிலசமயம் மருந்துக்கு வைரஸ் பழகியிருக்கும்.

பள்ளிக்கு நோயின் பெயர் தேவையில்லை. ‘வீட்டில் நீண்டநாள் நோயாளி’ என்றாலே விட்ட பாடத்தைக் கேட்டு வாங்கலாம். சேர்ந்து உட்கார்ந்தால், சாப்பிட்டால் பரவாது என்று தெரிந்தே பெஞ்சை மாற்றுகிறவர்கள் உண்டு.

அவளிடம் மட்டும் மறைக்காதீர்கள். பள்ளி வயதுப் பிள்ளைகளிடம் பெற்றோரின் நிலையைச் சொல்லவேண்டும் என்றே உலக சுகாதார நிறுவனம் 2011-இல் பரிந்துரைத்தது. மருந்தை ஒழுங்காக எடுத்தால் அம்மா நெடுங்காலம் இருப்பாள் என்பதையும் அப்போதே சொல்லுங்கள். அவள் வாய்விட்டுக் கேட்காத கேள்வி அதுதான்.