டிக்கியைத் திறக்கச் சொன்னால்? அமெரிக்கச் சட்டம் பற்றி வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் போலீஸ், விமான நிலையம், பறிமுதல் பற்றியவை. வழக்கம்போலப் பலர் எந்த மாநிலத்தில் நடந்தது என்று எழுதவில்லை. ஐம்பது மாநிலத்துக்கும் தனித்தனிச் சட்டம் இருக்கிறது. மாநிலத்தைச் சொல்லாமல் கேட்டால் பொதுப்படையாகத்தான் பதில் தர முடியும். அதை வைத்துக்கொண்டு வக்கீலிடம் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

கேள்வி: என் பதிவை ஃபேஸ்புக் நீக்கிவிட்டது. முதல் திருத்தத்தின்படி வழக்குப் போடலாமா? (பிளேனோ வாசகர்)

முடியாது. அமெரிக்க அரசமைப்பில் பேச்சுரிமையைக் காக்கும் முதல் திருத்தம் கட்டிப்போடுவது அரசாங்கத்தை, தனியார் கம்பெனியை அல்ல. ஒரு அரசு அதிகாரி மிரட்டி அதை நீக்க வைத்திருந்தால் அது வேறு வழக்கு. அப்படித் தனியாரை மிரட்டிப் பேச்சை நசுக்கக்கூடாது என்று 2024-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொல்லியிருக்கிறது. உங்கள் கடிதத்தில் அதிகாரி யாரும் வரவில்லை.

கேள்வி: வேகமாகப் போனதற்காக நிறுத்திய போலீஸ்காரர், "டிக்கியைப் பார்க்கலாமா?" என்று கேட்டார். தயங்கிவிட்டு "சரி" என்றேன். மறுக்க உரிமை உண்டு என்று அவர் எனக்குச் சொல்லவில்லையே, அந்தச் சோதனை செல்லுமா?

செல்லும். மறுக்கலாம் என்று முன்கூட்டியே சொல்லவேண்டிய கடமை போலீசுக்கு இல்லை என்று 1973-லேயே தீர்ப்பாகிவிட்டது. நீங்கள் "சரி" என்ற அந்த நொடியில் நியாயமில்லாத சோதனைக்கு எதிராக நான்காவது திருத்தம் தந்த பாதுகாப்பை நீங்களே கைவிட்டுவிட்டீர்கள். அடுத்த முறை நிதானமாக, "சோதனைக்கு நான் சம்மதிக்கவில்லை" என்று சொல்லுங்கள். டிக்கெட் எழுதி முடித்த பிறகு, தனிச் சந்தேகம் எதுவும் இல்லாமல், மோப்ப நாய் வரட்டும் என்று உங்களை நிறுத்திவைக்கவும் முடியாது (2015 தீர்ப்பு). மறுத்த பிறகும் அவர் திறந்தால்? விட்டுவிடுங்கள். வாயால் மறுங்கள், கையால் தடுக்காதீர்கள். சண்டையை நீதிமன்றத்தில் போட்டுக்கொள்ளலாம், சாலையோரத்தில் வேண்டாம்.

கேள்வி: சென்னை போய்விட்டு எச்-1பி விசாவில் திரும்புகிறேன். போனைத் திறந்து காட்டச் சொன்னால் வாரண்ட் கேட்கலாமா? (நியூ ஜெர்சி)

கேட்கலாம், பலன் இருக்காது. கைதானவரின் போனைப் பார்க்கவே வாரண்ட் வேண்டும் என்ற 2014 தீர்ப்பு நாட்டுக்குள் நடக்கும் கைதுக்குத்தான். எல்லையில் வாரண்ட் இல்லாமலே சோதிக்கலாம் என்ற பழைய விதிவிலக்கு இன்னும் உயிரோடிருக்கிறது. விமான நிலையமும் எல்லைதான். பாஸ்கோடு தர மறுத்தால் குடிமகனை நாட்டுக்குள் விடாமல் இருக்க முடியாது, ஆனால் போனைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். விசாக்காரரைத் திருப்பியே அனுப்பலாம். அதனால் உங்களுக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்று: தேவையில்லாததைப் போனில் சுமந்துகொண்டு போகாதீர்கள். அலுவலக ரகசியம் இருந்தால் கிளம்பும் முன் கம்பெனி வக்கீலிடம் கேளுங்கள்.

கேள்வி: பழைய டிரக் ஒன்று வாங்க என் சித்தப்பா மகன் சுமார் 19,000 டாலர் ரொக்கத்தோடு காரில் போனார். வழியில் நிறுத்தி, "போதைமருந்துப் பணம்" என்று சொல்லி எடுத்துக்கொண்டார்கள். வழக்கு இல்லை, கைது இல்லை, ஒரு ரசீது மட்டும். குற்றமே இல்லாதபோது பணம் தானாகத் திரும்பி வருமா?

வராது. இதைப் படித்துக்கொண்டிருக்கும் இந்த நிமிடமே அவருக்குப் போன் போடுங்கள். கடிதத்தில் தேதியும் இல்லை, மாநிலமும் இல்லை. இந்த விஷயத்தில் இரண்டும்தான் உயிர்.

சிவில் பறிமுதல் என்பதில் வழக்கு மனிதர் மேல் அல்ல, பொருள் மேல். "அமெரிக்கா எதிர் 1,24,700 டாலர்" என்றே ஒரு வழக்கின் பெயர் இருக்கிறது. கப்பல் முதலாளி கடலுக்கு அப்பால் இருந்த காலத்தில், சுங்கம் ஏய்த்த கப்பலையே பிடித்து நிறுத்துவதற்காக வந்த முறை இது. இன்று முதலாளி காருக்குப் பக்கத்திலேயே நிற்கிறார், பெயரும் விலாசமும் சொல்கிறார், அப்படியும் அவரை விட்டுவிட்டுப் பணத்தின் மேல் வழக்குப் போடுகிறார்கள். குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கிடைக்கும் இலவச வக்கீல்கூடப் பெரும்பாலும் இவருக்குக் கிடைக்காது. 1984-க்குப் பிறகு பிடித்த பணம் பிடித்த துறைக்கே போக வழி செய்தார்கள். உள்ளூர் போலீஸ் மத்திய அரசோடு சேர்ந்து பிடித்தால் 80 சதவீதம் வரை உள்ளூருக்கே திரும்பும். பட்ஜெட்டில் துண்டு விழுந்த ஷெரிஃப் ஆபீஸுக்கு நெடுஞ்சாலையே வருமான வழியாகிவிடுகிறது. அமெரிக்காவில் தனிமனித உரிமைக்கு நேர்ந்திருக்கும் அநியாயங்களில் இதைப்போல வெளிப்படையான ஒன்றை நான் பார்த்ததில்லை, எத்தனை தடவை வேண்டுமானாலும் இதை எழுதுவேன்.

டெட்ராய்ட்டில் ஒரு பெண். கணவரோடு சேர்ந்து 600 டாலருக்கு வாங்கிய பழைய பான்டியாக் கார். கணவர் அதில் ஒரு பாலியல் தொழிலாளியோடு பிடிபட்டார், கார் போயிற்று. அந்தப் பெண்ணுக்கு எதுவுமே தெரியாது. அப்படியும் பறிமுதல் சரிதான் என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்று சொல்லிவிட்டது. அப்புறம் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. இண்டியானாவில் அப்பாவின் இன்சூரன்ஸ் பணத்தில் 42,000 டாலர் லேண்ட் ரோவர் வாங்கிய ஒருவர் சிறிதளவு ஹெராயின் விற்றுப் பிடிபட்டார். அந்தக் குற்றத்துக்கு அதிகபட்ச அபராதமே 10,000 டாலர். மிதமிஞ்சிய அபராதத்துக்கு எதிரான எட்டாவது திருத்தம் மாநிலங்களையும் கட்டுப்படுத்தும் என்று 2019-இல் ஒன்பது நீதிபதிகளும் சொன்னார்கள். வண்டி கடைசியில் அவர் கைக்கு வந்தது. ஆனால் பறிமுதலான பொருளை வழக்கு முடியும்வரை வைத்திருக்கலாமா என்று உடனடியாகத் தனி விசாரணை கேட்க உரிமை இல்லை என்று 2024-இல் 6-3 தீர்ப்பு வந்து மறுபடி பின்னுக்கு இழுத்துவிட்டது. நியூ மெக்சிகோ 2015-இல் சிவில் பறிமுதலையே ஒழித்தது, அடுத்து நெப்ராஸ்கா, மெய்ன். மற்ற பெரும்பாலான மாநிலங்களில் இது இன்றும் நடக்கிறது.

சரி, இப்போது செய்யவேண்டியது. மத்திய அரசுத் துறை எடுத்திருந்தால் தபாலில் ஒரு நோட்டீஸ் வரும். அதில் இரண்டு வழி எழுதியிருக்கும். ஒன்று, பெட்டிஷன்: எடுத்த துறையிடமே "தயவுசெய்து திருப்பித் தாருங்கள்" என்று கேட்பது. இன்னொன்று, கிளெய்ம்: "இது என்னுடையது" என்று உறுதிமொழியோடு எழுதுவது. பெரும்பாலோர் சுலபமாகத் தெரிகிறதே என்று பெட்டிஷனைப் போட்டுக் கெட்டுப்போகிறார்கள். அதைப் போட்டால் நீதிபதி கண்ணில் விஷயம் படவே படாது. கிளெய்ம் போட்டால்தான் அரசு 90 நாளுக்குள் நீதிமன்றத்துக்குப் போகவேண்டும், இல்லையென்றால் பணத்தை விடவேண்டும். கடைசித் தேதி நோட்டீஸிலேயே இருக்கும். அனுப்பிய நாளிலிருந்து ஏறக்குறைய ஐந்து வாரம். அது தாண்டினால் பணம் போனதுதான். மாநிலப் போலீஸ் மட்டும் எடுத்திருந்தால் கெடு இன்னும் குறைவாக இருக்கலாம். பணம் எங்கிருந்து வந்தது என்பதற்கு பேங்க் ஸ்டேட்மென்ட், டிரக் விற்பவரோடு பேசிய மெசேஜ், எல்லாவற்றையும் இன்றே சேர்த்து வையுங்கள்.

இன்னொன்று: நாட்டுக்குள் ரொக்கம் கொண்டுபோக வரம்பு எதுவும் இல்லை. நாட்டைத் தாண்டும்போதுதான் 10,000 டாலருக்கு மேல் இருந்தால் சொல்லவேண்டும். கொண்டுபோவது குற்றமல்ல, சொல்லாமல் விடுவதுதான் குற்றம். நம் ஆட்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, குடும்பத்தில் நாலு பேரிடம் பிரித்துக் கொடுத்து மாட்டிக்கொள்கிறார்கள். முழுத்தொகையைப் படிவத்தில் எழுதிக் கொடுத்தால் முடிந்தது.

கேள்வி: கிரீன் கார்டுகூட இல்லாதவர்களுக்கு அரசமைப்பு உரிமை உண்டா?

உண்டு. பதினான்காவது திருத்தம் சட்டத்தின் சமப் பாதுகாப்பைத் தருவது "எந்த நபருக்கும்", குடிமகனுக்கு மட்டும் அல்ல. சான் பிரான்சிஸ்கோவில் மரக்கட்டடத்தில் சலவைக்கடை நடத்த அனுமதி வேண்டும் என்று விதி போட்டு, சீனர்கள் சுமார் 200 பேருக்கும் மறுத்துவிட்டு, மற்றவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் கொடுத்தார்கள். 1886-இல் உச்ச நீதிமன்றம் அதை அடித்துப்போட்டது. வழக்காடியவர் குடிமகன் அல்ல. ஆனால் 18 வயது நிரம்பிய விசாக்காரர்கள் ஐ-94 (நாட்டுக்குள் நுழைந்ததற்கான பதிவு) போன்ற ஆவணத்தைக் கையில் வைத்திருக்கவேண்டும் என்பதும் சட்டம். வீட்டுப் பீரோவில் இருந்தால் போதாது.

கேள்வி: பள்ளியில் கொடி உறுதிமொழிக்கு எழுந்து நிற்க என் மகளுக்கு இஷ்டமில்லை. தண்டிப்பார்களா? (ஓஹையோ)

அரசுப் பள்ளி என்றால் முடியாது. மேற்கு வர்ஜீனியாவில் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் குழந்தைகள் தொடுத்த வழக்கில் 1943 ஜூன் 14 அன்று தீர்ப்பு வந்தது. அந்த நாள் அமெரிக்காவின் கொடி தினம், உலகப்போரும் நடந்துகொண்டிருந்தது. மூன்று வருடம் முன்பு, கட்டாயப்படுத்தலாம் என்று 8-1 சொன்ன அதே நீதிமன்றம் தன் வார்த்தையைத் திரும்பப் பெற்றது. கேரளத்தில் தேசியகீதம் பாடாததற்காக வெளியேற்றப்பட்ட, அதே மதப் பிரிவைச் சேர்ந்த மூன்று குழந்தைகளை 1986-இல் நம் உச்ச நீதிமன்றமும் மறுபடி சேர்க்கச் சொன்னது. தனியார் பள்ளி என்றால் இது எதுவும் பொருந்தாது. எந்தப் பள்ளி என்று எழுதியிருக்கலாம்.

கேள்வி: கைது செய்தபோது மிராண்டா எச்சரிக்கை (பேசாமலிருக்கவும் வக்கீல் வைத்துக்கொள்ளவும் உரிமை உண்டு என்று சொல்வது) படிக்கவில்லை. வழக்கு தள்ளுபடியா?

இல்லை. காவலில் வைத்து விசாரித்திருந்தால், நீங்கள் சொன்ன பதில்களைப் பொதுவாக உங்களுக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது. அவ்வளவுதான். சும்மா வாயை மூடிக்கொண்டிருந்தாலும் போதாது. "பேச விரும்பவில்லை, வக்கீல் வேண்டும்" என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும்.

கேள்வி: விலாசம் மாறி எங்கள் வீட்டுக் கதவை உடைத்துவிட்டார்கள். யார் பணம் தருவார்கள்?

எஃப்.பி.ஐ. போன்ற மத்திய ஏஜென்சியா, ஊர் போலீஸா? அதைக்கூட எழுதவில்லை. அட்லாண்டாவில் 2017-இல் எஃப்.பி.ஐ. இப்படித் தவறான வீட்டுக்குள் நுழைந்த வழக்கில், அந்தக் குடும்பத்தின் வழக்கை மறுபடி பரிசீலிக்கும்படி 2025 ஜூனில் உச்ச நீதிமன்றம் கீழ் நீதிமன்றத்துக்குத் திருப்பியனுப்பியது. மத்திய ஏஜென்சி என்றால் நஷ்டஈடு கேட்கும் படிவம் 95-ஐ, கேட்கும் தொகையை எண்ணால் எழுதி, சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் அந்த ஏஜென்சியிடமே கொடுக்கவேண்டும். ஊர் போலீஸ் என்றால் மாநிலத்தைப் பொறுத்துச் சில மாதங்களிலேயே கெடு முடிந்துவிடும். கதவைச் சரிசெய்யும் முன் போட்டோ எடுங்கள், தச்சரின் பில்லை வைத்திருங்கள், மாநிலத்தைக் குறிப்பிட்டு மறுபடி எழுதுங்கள்.