தனியுரிமைக்காக வெளிநாட்டுச் செயலிகளைத் தடை செய்வது தர்க்கப்படி பொருந்துமா?

நாட்டின் பாதுகாப்புக்காக என்று சொன்னால் பொருந்தும்; குடிமக்களின் தனியுரிமைக்காக என்று சொன்னால் பொருந்தாது. 2020-இல் இந்தியா விதித்த தடையை வைத்தே இதை விளக்குகிறேன்.

லடாக் எல்லையில் சீனப் படையுடன் நடந்த கல்வான் மோதலில் 20 இந்திய வீரர்கள் உயிரிழந்த இரண்டு வாரங்களில், ஜூன் 29 அன்று, டிக்டாக், யூசி பிரவுசர் உள்ளிட்ட 59 சீனச் செயலிகள் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்கீழ் தடை செய்யப்பட்டன. பயனர்களின் தரவு திருட்டுத்தனமாக வெளிநாட்டு சர்வர்களுக்குப் போவதாகப் புகார்கள் வந்ததை அரசு காரணமாகக் காட்டியது. ஆனால் அந்தப் பிரிவு இறையாண்மை, பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்றவற்றைத்தான் பேசுகிறது. தனியுரிமை என்ற சொல்லே அதில் கிடையாது.

பட்டியலில் ஷாவ்மியின் மி வீடியோ கால் செயலியும் இருந்தது. அதே நிறுவனத்தின் கைபேசிகளோ அந்த ஆண்டு இந்தியச் சந்தையில் முதலிடத்தில் இருந்தன. கைபேசியையே விற்க அனுமதித்துவிட்டு அதில் ஓடும் ஒரு செயலியை மட்டும் தடுப்பது, வாசலைத் திறந்துபோட்டுவிட்டுச் சன்னலுக்குத் தாழ்ப்பாள் போட்ட கதைதான்.

தடைப் பட்டியலில் இருந்த ஒரு செயலியில் என் ஆதார் அட்டையையும் வீட்டுப் பத்திரத்தையும் ஸ்கேன் செய்து வைத்திருந்தேன். அதற்குப் பதிலாக நிறுவிய, சீனாவோடு தொடர்பில்லாத இன்னொரு செயலி, திறந்ததுமே என் தொடர்பு எண்களைப் பார்க்க அனுமதி கேட்டது. காகிதத்தைப் படமெடுக்க என் மாமாவின் எண் எதற்கு? தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017-லேயே தீர்ப்பளித்திருந்தும், தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென ஒரு தனிச் சட்டம் 2023-இல்தான் நிறைவேறியது. அதிலும் அரசு தன் அமைப்புகளுக்கு விலக்கு அளித்துக்கொள்ள இடம் இருக்கிறது.

சீனாவின் 2017-ஆம் ஆண்டு தேசிய உளவுச் சட்டப்படி அந்நாட்டு நிறுவனங்கள் உளவுப் பணிக்கு ஒத்துழைத்தாக வேண்டும் என்பது வலுவான வாதம்தான். அதை நான் ஏற்கிறேன். ஆனால், தரவு யார் கைக்குப் போகிறது என்பதுதான் அதன் கவலையே தவிர, அளவுக்கு மீறி எடுப்பதே தவறு என்பதன்று. ஃபேஸ்புக் பயனர்களின் தரவு கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற பிரிட்டிஷ் அரசியல் ஆலோசனை நிறுவனத்தின் கைக்குப் போன விவகாரத்தில் சுமார் 5.62 லட்சம் இந்தியர்களின் விவரங்கள் போயிருக்கக்கூடும் என்று 2018-இல் ஃபேஸ்புக்கே ஒப்புக்கொண்டது. அதற்காக இங்கே ஃபேஸ்புக்கை யாரும் தடை செய்யவில்லை.