9 மீட்டர் ஆர்சிஏ கேபிள் போட்டால் ட்ரெபிள் போய்விடுமா?

கோவையில் வீடு கட்டிக்கொண்டிருக்கும் வாசகர் ஒருவரின் கேள்வி இது. டிவி சுவரில் சிடி பிளேயரும் ப்ரீஆம்பும் (வால்யூம் கூட்டிக் குறைக்கும் பெட்டி), எதிர்ச்சுவரில் ஸ்பீக்கர்களுக்குப் பக்கத்தில் அவற்றை ஓட்டும் பவர் ஆம்ப், நடுவே சுவருக்குள் இரண்டையும் இணைக்கும் 9 மீட்டர் ஆர்சிஏ கேபிள். ஒன்றரை மீட்டரைத் தாண்டினால் ட்ரெபிள், அதாவது பாட்டின் கீச்சு ஒலிகள், போய்விடும், வெள்ளி பூசிய கேபிள்தான் போட வேண்டும் என்று கடைக்காரர் மீட்டருக்குச் சில ஆயிரம் சொல்கிறாராம்.

தயவுசெய்து வாங்காதீர்கள். சாதாரண, வலை நெருக்கமாகப் பின்னிய செம்புக் கேபிளே போதும்.

கடைக்காரர் சொல்வதில் உண்மை கொஞ்சூண்டுதான். நடுக்கம்பிக்கும் வெளிவலைக்கும் இடையே கபாசிட்டன்ஸ் (மின்னூட்டத்தைத் தேக்கும் தன்மை) உண்டு, மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட் என்று வைத்துக்கொள்ளுங்கள், நீளம் கூடினால் அதுவும் கூடும், ட்ரெபிளைக் கொஞ்சம் தின்னும். ஆனால் எவ்வளவு தின்னும் என்பது சிக்னலை அனுப்புகிற கருவியின் அவுட்புட் இம்பிடன்ஸை, அதாவது வெளியே வரும் சிக்னலுக்கு அந்தக் கருவிக்குள்ளேயே இருக்கும் தடையை, பொறுத்தது. அது 600 ஓம் என்றால்கூட உங்கள் 9 மீட்டரில் சிக்னல் 3 டெசிபல் (சக்தியில் பாதி) குறைவது ஏறக்குறைய 2,90,000 ஹெர்ட்ஸில். நம் காது 20,000-ஐத் தாண்டுவதில்லை. அவுட்புட் இம்பிடன்ஸ் என்கிற இந்த ஒரு எண்ணைக் கையேட்டில் அச்சடிக்கப் பல கம்பெனிகளுக்கு மனசு வருவதில்லை. வாட்ஸ் மட்டும் பெட்டி மேல் கொட்டை எழுத்தில் இருக்கும். அதனால்தான் இந்த வெள்ளிக் கதை விலை போகிறது.

ஒரே இடத்தில் மட்டும் கவனம்: இசைத்தட்டு பிளேயர். சிடி பிளேயர் 2 வோல்ட் தருகிறது, இசைத்தட்டு பிளேயரின் ஊசி பொருத்திய மூவிங் மேக்னட் கேட்ரிட்ஜ் தருவதோ சில மில்லிவோல்ட். அதோடு அதனுள் இருக்கும் கம்பிச்சுருளும் கேபிளின் கபாசிட்டன்ஸும் சேர்ந்து ட்ரெபிளின் உருவத்தையே மாற்றிவிடும். பல கேட்ரிட்ஜ்கள் எதிர்பார்ப்பது மொத்தமே 100 முதல் 200 பிகோஃபாரட். ஊசியைத் தாங்கும் டோன்ஆர்முக்குள் ஓடும் ஒயர், கேபிள், இசைத்தட்டுக்கான ஃபோனோ இன்புட் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். 9 மீட்டர் போட்டால் கேபிள் மட்டுமே 900. எனவே அந்தச் சிறு சிக்னலைப் பெரிதாக்கும் ஃபோனோ ப்ரீஆம்பைப் பிளேயருக்கு ஒரு மீட்டருக்குள் வையுங்கள், அதற்கப்புறம் 9 மீட்டர்கூடத் தாராளமாக இழுங்கள். பிளேயரின் பின்னால் 'ஃபோனோ / லைன்' சுவிட்ச் இருந்தால் ஃபோனோ ப்ரீஆம்ப் உள்ளேயே இருக்கிறது, லைனில் வைத்தால் இந்தக் கவலை இல்லை.

நீங்கள் பயப்பட வேண்டியது ஹம் என்கிற உறுமலுக்குத்தான். ஆர்சிஏ கேபிளில் வெளிவலைதான் கவசம், சிக்னல் திரும்பி வரும் பாதையும் அதுவேதான். ப்ரீஆம்ப் ஒரு சுவர் பிளக்கில், பவர் ஆம்ப் எதிர்ச்சுவர் பிளக்கில் என்றால் இரண்டு எர்த்துக்கும் நடுவே சிறு வோல்டேஜ் வித்தியாசம் இருக்கும், அதனால் வலை வழியே கரண்ட் ஓடி 50 ஹெர்ட்ஸ் உறுமலாகப் பாட்டோடு கலக்கும். எலக்ட்ரீஷியனிடம் இரண்டு பாயிண்டையும் ஒரே சர்க்யூட்டிலிருந்து, ஒரே எர்த் ஒயரோடு இழுக்கச் சொல்லுங்கள். ஆடியோ கேபிளைக் கரண்ட் ஒயர் போகும் பைப்பிலேயே சொருகிவிட்டுப் போய்விடுவார்கள், பக்கத்தில் நின்று பாருங்கள்; தனிப் பைப், குறைந்தது ஓர் அடி தள்ளி.

அப்படியும் உறுமினால், ப்ரீஆம்போடு செட்டாப் பாக்ஸும் இணைத்திருந்தால் அதிலிருந்து கேபிள் டிவி ஒயரைக் கழற்றிப் பாருங்கள். உறுமல் உடனே நின்றால் எர்த் வித்தியாசம் அந்த வழியாக வருகிறது, அதற்கு, அந்த ஒயரின் எர்த் தொடர்பை மட்டும் துண்டிக்கும் ஆன்டெனா ஐசோலேட்டர் இருக்கிறது. பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிடு, ஹம் போய்விடும் என்று யோசனை சொல்பவரை வீட்டுக்குள் விடாதீர்கள். ஹம் போகும், ஆம்பில் லீக் ஆனால் அதன் பாடியைத் தொடுகிற ஆளும் போவார்.

என்னைக் கேட்டால், பவர் ஆம்பையும் டிவி சுவருக்கே கொண்டுவந்து ஒரு மீட்டர் ஆர்சிஏ போடுங்கள், 9 மீட்டர் தூரத்தை ஸ்பீக்கர் ஒயரிடம் விடுங்கள். 2.5 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயரில் போக வர மொத்த ரெசிஸ்டன்ஸ் சுமார் 0.13 ஓம்தான், 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒன்றுமே இல்லை. பூச்சு வேலை இன்னும் முடியவில்லை என்றால் இன்றைக்கே மேஸ்திரியிடம் சொல்லி ஒரு இஞ்ச் பைப்பாகப் பதிக்கச் சொல்லுங்கள், உள்ளே ஒரு இழுகம்பியும் விட்டுவைக்கட்டும்.